பிக்தா தைலம் வடிக்கிற முறை

பிக்தா எங்கள் காட்டு ஊசியிலை மரம். அதன் இலையைத் தளிர் விடும் மாதத்தில் வெட்டக் கூடாது. பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். இளம்பச்சை ஊசிகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் அப்போது இலையில் இருப்பது தண்ணீர்தான். கோடை சாயத் தொடங்கி, காலையில் புல் நுனியில் பனித்துளி குளிரும்போது வெட்ட வேண்டும். அதுவும் முழங்கை நீளத்துக்கு மேல் போகாத சிறு கிளைகளாக. தடித்த கட்டையைச் சேர்த்தால் தொட்டி நிறையும், தைலம் நிறையாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், ஐயா. ஆனால் நீங்கள் தொட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதைப் புரிந்துகொள்ள இலையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் எழுத்தர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் எவ்தோகிம். வயது ஐம்பத்தெட்டு. எலோவ்கா கிராமத்தில் முப்பத்தோரு வருடமாகத் தைலம் வடிக்கிறேன். எங்கள் ஊரில் நாற்பது வீடுகள். எல்லோரும் பழைய முறைப்படி ஜெபிக்கிறவர்கள், இரண்டு விரலால் சிலுவை போடுகிறவர்கள். புகையிலை தொடுவதில்லை. தாடி மழிப்பதில்லை. வெளியாள் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைப்பதில்லை. நேற்று நீங்கள் காவல் அறைக்கு அனுப்பிய சூப்பை நான் தொடாதது உங்கள் மேல் கோபத்தால் அல்ல. நான் பொய் சொல்வதும் இல்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்லி முடித்த பிறகு, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

தைலத்தின் குணம் இதுதான். நெஞ்சில் தேய்த்தால் சளி இளகும். வெந்நீரில் நாலு சொட்டு விட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு திறக்கும். மூட்டு வலிக்கு, பனியில் விறைத்த விரலுக்கு, கோடரி பட்ட காயத்துக்கு, ஆட்டுச் சொறிக்கு, கட்டிலில் ஏறும் மூட்டைப் பூச்சிக்கு, எல்லாவற்றுக்கும் இது உண்டு. சனிக்கிழமை நீராவிக் குளியலில் சுட்ட கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டால் முழுக் காடும் உள்ளே வந்து நிற்கும். தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் பீப்பாய்களைக் கொண்டுபோய்க் கற்பூரம் செய்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இதயத்துக்குக் கற்பூர ஊசி போடுகிறார்களே, அதற்குள் இருப்பதும் எங்கள் மரம்தான். அப்படியிருக்க, அந்த மரத்தடியில் பிறந்தவர்கள் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அளவு தெரியாதவன் கையில் இது கெடுதல் செய்யும். கைக்குழந்தையின் மூக்கில் சொட்டினால் மூச்சு நின்றுவிடும். எனக்கு அளவு தெரியும். முப்பத்தோரு வருடத்தில் என் தைலத்தால் யாரும் இறந்ததில்லை.

என் மனைவி உஸ்தீன்யா இறந்தது நெஞ்சு நோயால். அது ஆறு வருடத்துக்கு முன்பு. அவளுக்கு நானே தினமும் இரண்டு வேளை தேய்த்துவிட்டேன். ஐந்து வாரம் தேய்த்தேன். ஒருநாள் நகரத்துக்குப் போகிற தபால் படகு வந்து நின்றபோது அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி, "நானும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில போய்க் காட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கடவுள் அவளை அழைத்துக்கொண்டார். இதில் விசாரிக்க எதுவும் இல்லை.

என் தம்பி சவ்வாத்தி மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிடும்போது மூழ்கிப் போய்விட்டான். அவன் மனைவி கரித்தீனாவும் மகள் ஃபேன்யாவும் என் வீட்டில்தான் இருந்தார்கள். கரித்தீனாவுக்கு இருபத்தெட்டு வயது. ஒல்லியான பெண். தொட்டிக்குள் இறங்கி இலையை மிதிக்க ஊரில் அவளைப் போல யாரும் கிடையாது. அவளைப் பற்றி என்னிடம் குறை இல்லை. காலையில் எனக்கு முன்பே எழுந்து என் பூட்ஸை அடுப்பருகில் காய வைத்திருப்பாள்.

ஜூலைக் கடைசியில் ஃபேன்யாவுக்கு இருமல் தொடங்கியது. அவளுக்கு ஏழு வயது. எந்த இருமல் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. காதால் தெரிந்துகொண்டேன். அன்றே தைலம் தேய்க்கத் தொடங்கினேன்.

அதே வாரம்தான் குவளை விஷயமும் நடந்தது. தபால் படகு ஓட்டுகிற ரோதியோன் காய்ச்சலோடு கரையில் வந்து விழுந்தான். சூடான பாலை எங்கள் வீட்டுச் சுத்தக் குவளையில் ஊற்றி, அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள் கரித்தீனா. வெளியாட்களுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் தனிக் குவளை உண்டு. அது கொல்லைப்புறக் கொட்டகையில் தொங்கும். அதை எடுக்கப் போக நூறு அடிதான். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அந்த மனுஷனுக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடிச்சு மாமா. நான் குவளையைப் பாக்கலை, வாயைத்தான் பாத்தேன்" என்றாள்.

நான் ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் இருப்பதும் பொய்தான். அவளுக்கு நாற்பது நாள் தடை விதித்தார்கள். தடை என்றால் அடிப்பதோ பூட்டிவைப்பதோ இல்லை. தனியாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கூடாது. அவள் ஜெபத்துக்கு யாரும் ஆமென் சொல்லக் கூடாது, யார் ஜெபத்துக்கும் அவள் ஆமென் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். பெண்கள் கிணற்றடியில் கொஞ்சம் கேலி செய்தார்கள்.

"என்ன கரித்தீனா, உங்க வீட்டுப் பாலுல டீசல் வாசனை வருதாமே?"

"வருது அக்கா. அதைக் குடிச்சுத்தான் எங்க பசு இப்ப புடுபுடுன்னு ஓடுது" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண்களே சிரித்துவிட்டார்கள். தடையை அவள் அழாமல் ஏற்றுக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தண்டனை மனதில் இறங்கினால் ஒரு சொட்டுக் கண்ணீராவது வரவேண்டும்.

இப்போது தொட்டி. ஈரத்தில் அழுகாத லார்ச் மரப் பலகையால் செய்தது, இரண்டு ஆள் உயரம். மேலே பலகைத் தளம், அதன் நடுவில் ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு வாய். கீழே தனியாகக் கொதிகலன், அதிலிருந்து தொட்டியின் அடிக்கு நீராவிக் குழாய். மேலே இருந்து நாங்கள் இலையைக் கொட்டுவோம், உள்ளே இருப்பவர் மிதித்து அழுத்துவார். கடைசியில் தளப் பலகைக்கு அடியில் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் ஓரங்களில் இலையைத் திணிக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் நீராவி அந்த வழியே ஓடிவிடும். அந்த நேரத்தில் வாய் வழியாக எட்டிப் பார்த்தால் ஆள் தெரியாது. வேலை மும்முரத்தில் மூடும் நேரம் வந்ததை உள்ளே இருப்பவர் கவனிக்காமல் போவதும் உண்டு.

ஆகவே எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டோம். வாசலில் நின்று ஜெபம் சொல்வோம். உள்ளிருந்து ஆமென் வந்தால் நுழைவோம், வராவிட்டால் திரும்பிவிடுவோம். தொட்டிக்கும் அதுதான். மூடுவதற்கு முன் வாயருகே நின்று, "ஆண்டவரே, இயேசு கிறிஸ்துவே, எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்று சொல்வேன். ஆமென் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை. கீழே கொதிகலன் பார்க்கிற சோசிமாவுக்கு அந்த இரைச்சலில் தொட்டிக்குள்ளிருந்து வரும் குரல் கேட்காது. அவன் என்னிடம், "ஆமென் வந்துச்சாண்ணே?" என்று கத்துவான். நான் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் நீராவியைத் திறப்பான்.

தடை தொடங்கிய மறுநாள் கரித்தீனா பழக்கத்தில் தொட்டிக்குள்ளிருந்து ஆமென் சொல்லிவிட்டாள். அவளை வெளியே வரச்சொல்லி, நூறு முறை தரையில் விழுந்து வணங்கச் சொன்னேன். வணங்கினாள். இனி ஆமென் சொல்லாதே, வேலை முடிந்ததும் நீயாகவே ஏறி வந்து என் முன்னால் நில், பிறகு மூடுகிறேன் என்றேன். ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது. இலைத் தூள் ஒட்டிய முகத்தோடு வந்து நிற்பாள். நான் மூடுவேன்.

ஃபேன்யாவுக்கு இருமல் குறையவில்லை. குறையவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். தைலம் முதலில் நோயை வெளியே இழுக்கும். அப்போது கூடியது போலத்தான் தெரியும். வியாழக்கிழமை நான் அவள் முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரித்தீனா கதவருகே நின்று சொன்னாள்.

"மாமா, சனிக்கிழமை படகு வருது. ஃபேன்யாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ரோதியோன் கட்டில் சொல்லி வச்சிருக்காராம். அவர் மச்சினி அங்க துணி துவைக்கிறாளாம்."

"உன் தடை முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. அங்க போய் அவங்க தட்டுல சாப்பிட்டா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிக்கிறேன் மாமா. நூறு நாள் வேணாலும் தனியாச் சாப்பிடுறேன். இவ மூச்சு விட்டாப் போதும் எனக்கு."

ஃபேன்யா தலையைத் திருப்பினாள். "பெரியப்பா, ஆஸ்பத்திரி ஊசி பெரிசா இருக்குமா?"

"தெரியலைம்மா. நான் போனதில்லை."

"அப்ப நான் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்" என்றாள். பிறகு இருமினாள். வெகுநேரம் இருமினாள். கரித்தீனா ஓடிவந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உஸ்தீன்யா அக்காவுக்கும் இதே இருமல்தானே மாமா. அப்பவே படகுல ஏத்தியிருந்தா…"

அங்கே நிறுத்திவிட்டாள். "மன்னிச்சிருங்க மாமா, வாய் தவறிடுச்சு" என்றாள். என் கையிலிருந்த தைலக் குப்பியை வாங்கி அவளே மூடி வைத்தாள்.

அந்த வாக்கியத்துக்காக நான் எதுவும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது முடியாத வாக்கியம். முடியாத ஒன்றின் மேல் யாரும் கோபப்பட முடியாது. பிறகு நானே அதைப் பலவிதமாக முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அது ஒரே இடத்தில் போய் நின்றது. அவ்வளவுதான். நான் செய்தது குழந்தைக்காக. ஒரு குழந்தை அந்நியர் தட்டில் சாப்பிட்டு, அந்நியர் கட்டிலில் படுத்து, உடம்பு தேறி ஆத்துமாவைத் தொலைத்துவிட்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அம்மா இல்லாவிட்டால் குழந்தை படகில் ஏறாது. இது எளிய கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொட்டி நிறைந்தது. கரித்தீனா தளத்துக்கு அடியில் வடக்கு ஓரத்தில் இலை திணித்துக்கொண்டிருந்தாள். கிளைகள் உரசும் சத்தம் கேட்டது. நான் வாயருகே நின்று ஜெபத்தைச் சொன்னேன். வழக்கமாகச் சொல்வதை விடச் சத்தமாகவே சொன்னேன். வேண்டுமானால் சோசிமாவைக் கேளுங்கள். என் உதடு அசைந்ததை அவன் கீழிருந்து பார்த்தான்.

உரசும் சத்தம் நின்றது. அவள் சொன்னாள்: "மாமா, இருக்கேன். இதோ வந்துட்டேன்."

அது ஆமென் அல்ல.

நான் மூடியை வாய் மேல் தள்ளிக் குறுக்குக் கட்டையை அடித்து இறுக்கினேன். சோசிமா கீழிருந்து கத்தினான்.

"ஆமென் வந்துச்சாண்ணே?"

"வரலை" என்றேன். அது உண்மை.

"அப்பத் திறக்கறேன். இந்தக் கிழட்டுக் கொதிகலன் ஏப்பம் விடறதுக்குள்ள என் மாமியாரே அஞ்சு தடவை விட்டுடுவா" என்றான். சோசிமா எப்போதும் அப்படித்தான் பேசுவான். நல்ல மனிதன்.

அடியில் திறந்த நீராவி ஒரு டன் இலையைத் தாண்டி மேலே வர அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் மூடியின் விளிம்புக்குக் களிமண் பூச வேண்டும். நான் உட்கார்ந்து பூசினேன். அவள் மூடிக்கு நேர் கீழே வந்துவிட்டாள். பயந்தவள் போலப் பேசவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவளை நான் பயமுறுத்தினேன் என்று ஊரில் சொல்வார்கள்.

"மாமா, மூடி விழுந்துடுச்சு போலிருக்கு. நீங்க தனியாத் தூக்காதீங்க, போன வருஷம் மாதிரித் தோள் பிடிச்சுக்கும். சோசிமா அண்ணனைக் கூப்பிடுங்க. நான் இருக்கேன், மெதுவாவே வாங்க."

என் தோள் வலது தோள். மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. அவள் அதை நினைவில் வைத்திருந்தாள்.

நான் பூசிக்கொண்டே இருந்தேன். தடையில் இருப்பவளோடு வேலை நேரத்தில் தேவையில்லாமல் பேசும் வழக்கம் இல்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். மூடியைத் தட்டினாள். பிறகு அவளும் ஜெபம் சொன்னாள். எங்கள் ஊரில் வாசலில் நின்று சொல்வோமே, அதே ஜெபம். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். திரும்பவும் சொன்னாள், காத்திருந்தாள். அவள் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஜெபக்கூட்டத்தின் முடிவை நான் ஒருவனாக மீற முடியாது. ஏழு முறை சொன்னாள் என்று நினைக்கிறேன். எட்டாவது பாதியில் நின்றது. அதன் பிறகு கேட்டவை சொற்கள் அல்ல, ஆகவே அவற்றைச் சொல்லத் தேவையில்லை. விளிம்பில் ஓர் இடத்தில் களிமண் வெடித்தது. அதை மறுபடி பூசினேன்.

ஆத்துமா பிரியும்போது படிக்கிற ஜெபத்தை அவளுக்காக மனதுக்குள் படித்தேன். தடையில் இருப்பவளுக்கு அதைப் படிக்கக் கூடாது. ஆனாலும் ஒரு சின்ன இரக்கம் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மாலையில் ஃபேன்யாவுக்கு வழக்கம்போலத் தைலம் தேய்த்தேன். அன்று வடிந்த தைலத்தில் தேய்த்தேன். புதிதாக வடிந்ததற்கு வீரியம் அதிகம்.

"அம்மா எங்க பெரியப்பா?"

"தொட்டிகிட்ட இருக்கா" என்றேன்.

சனிக்கிழமை காலை குழந்தை தானாகவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அம்மா வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறது. ரோதியோன் வந்து, அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, தைலக் கொட்டகைக்கு ஏறி வந்தான். அப்போதுதான் நானும் சோசிமாவும் களிமண்ணை உடைத்து மூடியைத் தூக்கினோம். மூடியின் அடிப்பக்கத்தில் கைகளின் அடையாளம் இருந்தது.

சோசிமா வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு, "அண்ணே, ஆமென் வரலைன்னு சொன்னீங்களே" என்றான்.

"வரலை சோசிமா. வந்திருந்தா வந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது. அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ரோதியோன் என்னை அடிக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. இறங்கி ஓடினான். ஃபேன்யா மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைத் தன் மேல்சட்டைக்குள் பொத்தி, அப்படியே தூக்கிக்கொண்டு படகுக்குப் போனான். தன் சொந்தக் குவளையில் அவளுக்கு வெந்நீர் கொடுத்ததை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். அவள் குடித்துவிட்டாள். ஒரு குவளைப் பாலுக்காக அவன் இவ்வளவு செய்வான் என்று நான் நினைக்கவில்லை.

ஆம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். அவள் உள்ளே இருப்பது தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறது, இருமல் இல்லை என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மருத்துவர்கள் தாங்கள் குணப்படுத்தியதாக நினைக்கிறார்கள். அவர்களுக்குத் தைலத்தைப் பற்றித் தெரியாது. அது வேலை செய்ய ஆறு வாரம் வேண்டும். நான் ஐந்து வாரம் தேய்த்திருந்தேன். ஆறாவது வாரம் அவள் உங்கள் கட்டிலில் படுத்திருந்தாள், அவ்வளவுதான். குழந்தையைத் தேற்றியது என் தைலம். உஸ்தீன்யாவுக்கும் அந்த ஒரு வாரம்தான் போதவில்லை, வேறு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதுங்கள், ஐயா. எழுதிவிட்டு எனக்கு ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.